மஞ்சள் துணி சுற்றிய ஊஞ்சல் வடம்

வாருங்கள். கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள். ஓர் அநியாயம் நடக்கப் போகிறது; அதைக் கண்ணால் கண்டவர்கள் வேண்டும். சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தின் பழைய ஊர்த் தெருவில், வாசலில் வாழைமரம் கட்டிய வீடு அது. குவிந்து கிடக்கும் செருப்புகளைத் தாண்டி உள்ளே வாருங்கள். போர்ட்டிகோவில் பெண்கள் கூடியிருக்கிறார்கள். சந்தனக் கிண்ணம் இருக்கிறது, கண்ணாடி வளையல் அடுக்கிய தட்டுகள் இருக்கின்றன, ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஒலிக்கிறது. நடுவே ஓர் ஊஞ்சல். அந்த ஊஞ்சலை நோக்கி, நிறைமாதத்தை நெருங்கிவிட்ட ஒரு பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருகிறார்கள்.

அவள் பெயர் ஹேமாவதி. அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். சந்தனமும் குங்குமமும் அதை மறைத்துவிட்டன. அவள் பார்க்கும் இடத்தைப் பாருங்கள். ஊஞ்சலின் இடப்பக்கத்தில், பலகையின் இரும்பு வளையத்தை வடம் பற்றியிருக்கும் இடத்தில், ஒரு மஞ்சள் துணி சுற்றப்பட்டிருக்கிறது. துணியின்மேல் மல்லிகைச் சரம். அதற்குள் இருப்பது என்ன என்பது அவளுக்குத் தெரியும். அவள் கணவனுக்குத் தெரியும். அவள் மாமியாருக்குத் தெரியும். மூவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எங்கே பிறந்தது என்று கேளுங்கள்.

மாமியார் பொன்னியம்மாளின் வீடு அது. அவளுடைய காலஞ்சென்ற கணவர் துளசிங்கம், நெல் விளைந்த நிலத்தை மனைகளாக்கி விற்றவர். விலை பேசி முடித்ததெல்லாம் இந்த ஊஞ்சலில் அமர்ந்துதான். ஆகவே அந்த வீட்டில் ஊஞ்சலை மிதிப்பதில்லை. அதில் ஏறுமுன் தொட்டுக் கும்பிடுவார்கள். மகன் தினகரனுக்குப் பெரிய சாலையில் ஹார்ட்வேர் கடை. நைலான், பருத்தி, தேங்காய் நார் என்று கயிற்றுச் சுருள்கள் கடை வாசலிலேயே மலைபோல் கிடக்கும். சாரம் கட்டக் கயிறு கேட்டு வரும் மேஸ்திரிகளிடம் அவன் கண்டிப்பாகப் பேசுவான்: “பழசை ஒட்டுப் போட்டுக்கினு வேலை செய்யாதண்ணா. மேல நிக்கிறது ஆளு.” கயிற்றின் புரியைப் பிரித்துப் பார்த்தே அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடுவான். அத்தகையவனின் வீட்டில்தான் எட்டு மாதமாக ஒரு கயிறுகூட மாற்றப்படவில்லை.

காரணத்தைக் கேட்டால் உங்களுக்கு வியப்பு வராது. உங்கள் வீட்டிலும் அது இருக்கும். ஒரு பெண் கருவுற்றால், பிரசவம் ஆகும்வரை அந்த வீட்டில் எவரும் கயிற்றை அறுக்கக் கூடாது, முடியக் கூடாது, புதிதாகக் கட்டக் கூடாது. வெளியே கயிற்றில் விழும் முடிச்சு உள்ளே பிள்ளையின் தொப்புள்கொடியில் விழுமாம். கொடி கழுத்தைச் சுற்றுமாம்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகத்தக்க நிலையில் ஹேமாவதி இல்லை. பல்லாவரத்தில் பிறந்து, பட்டம் பெற்று, ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவள்தான். ஆனால் அவளுக்கு இது இரண்டாவது கரு. முதல் முறை, புயல் அறிவிப்பு வந்த ஒரு மாலையில், மாடியில் படபடத்த தார்ப்பாயைத் தினகரன் கயிறு போட்டு இறுக்கினான். சில நாள் கழித்து ஆறாம் மாதத்திலேயே கரு கலைந்தது. கருப்பையின் வாய் பலவீனம், பாரம் தாங்கவில்லை என்று டாக்டர் ஞானஜோதி விளக்கினார். அதைக் கேட்டது காது. பொன்னியம்மாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் மகனைப் பார்த்து, “நீ கட்டின கயிறுடா” என்றாளே, அதைக் கேட்டது நெஞ்சு. அன்று முதல் தினகரன் மனைவியின் கண்ணை நேராகப் பார்த்ததில்லை.

இந்த முறை கரு தங்கியதும் டாக்டர் கருப்பை வாயில் ஒரு தையல் போட்டார். வீட்டில் பொன்னியம்மாளும் தன் பங்குக்குக் காவல் போட்டாள். கயிறுகளுக்கு அருகே எவரும் போகக் கூடாது.

கயிறுகளோ அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. தம் இயல்புப்படி இற்றுக்கொண்டே வந்தன. முதலில் கொல்லையில் துணிக்கொடி அறுந்தது. அதை முடியக் கூடாதல்லவா? ஈரத்துணிகள் சுற்றுச்சுவரின்மேல் கிடந்து காய்ந்தன. பிறகு கிணற்று வாளியின் கயிறு விட்டது. வாளி கிணற்றின் அடியிலேயே கிடந்தது. தோட்டத்துப் பாகற்பந்தலின் கட்டுகள் தளர்ந்து, பந்தல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஒரு பிற்பகல், வெயிலுக்காகப் போர்ட்டிகோவில் தொங்கவிட்டிருந்த மூங்கில் தட்டியின் கயிறு அறுந்து, கனத்த தட்டி முழுவதும் ஹேமாவதியின் தோளை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. அவள் ஓர் அடி முன்னே நின்றிருந்தால்! சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னியம்மாள் மருமகளை அணைத்துக்கொண்டாள், திருஷ்டி கழித்தாள், மிளகாயை அடுப்பில் போட்டாள். அறுந்த கயிற்றை மட்டும் தொடவில்லை.

அன்றிலிருந்து ஹேமாவதிக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே நின்றாலும் முதலில் தலைக்குமேல் பார்ப்பாள். எதன்மேல் எது தொங்குகிறது என்று பார்ப்பாள். அப்படிப் பார்த்தபோதுதான் ஊஞ்சலின் வடத்தைக் கண்டாள். மணிக்கட்டுப் பருமனுள்ள பருத்தி வடம். மூன்று புரி சேர்த்து முறுக்கியது. மழைச் சாரலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, துருவேறிய வளையத்தில் வருடக்கணக்காக உரசி, ஒரு புரி முழுவதும் விட்டிருந்தது. இரண்டாவது புரி பாதி தின்னப்பட்டிருந்தது. விரலால் தொட்டாள். பழுப்புத் தூள் உதிர்ந்தது.

இரவு உணவுக்குப் பின் கணவனிடம் சொன்னாள்.

“ஏங்க, ஊஞ்சல் கயிறைப் பாத்தீங்களா?”

“ஏன், அதுக்கு இன்னா?”

“ஒரு புரி விட்டுடுச்சு. இன்னொண்ணு பாதிதான் இருக்கு. வளைகாப்புக்கு அதுலதான் என்னை உக்கார வெப்பாங்களாம்.”

தினகரன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டெலிவரி முடியட்டும். கடையில புது வடம் வந்து கீது. மாத்திடலாம்.”

“மேஸ்திரி யாராவது இப்படி ஒரு கயிறைக் கொண்டாந்து காட்டினா என்ன சொல்லுவீங்க?”

“அது சைட்டு. இது வூடு.”

“வீட்டுல விழுந்தா அடி படாதா?”

அவன் நிமிர்ந்தான். கண்கள் கலங்கியிருந்தன. “ஹேமா, போன தபா தார்ப்பாயைக் கட்டுனது யாரு? நானு. இந்தக் கையாலதான் இறுக்குனேன். மறுபடியும் என்னாண்ட கயிறைத் தொடச் சொல்றியா?”

தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நம்புகிற ஒருவனிடம் எந்தக் கணக்கு செல்லும்?

மறுநாள் மாமியார் கோயிலுக்குப் போன சமயம், கடைச் சாமான் கட்டி வந்த நைலான் சரடு ஒன்றை எடுத்து, வடம் தேய்ந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினாள் ஹேமாவதி. முடிச்சுப் போட்டாள். அவள் படித்த படிப்பு அந்த நேரத்து அச்சத்தைத் தடுக்கவில்லை. அதைக் கட்டிவிட்டு, வயிற்றில் கைவைத்து, உள்ளே அசைவு தெரியும்வரை அந்த இடத்திலேயே நின்றாள்.

அடுத்து எடுத்த ஸ்கேனில், குழந்தையின் கழுத்தைக் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று வந்தது.

அந்தச் சொல்லைக் கேட்டபோது அறையின் விளக்குகள் அணைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. டாக்டர் ஞானஜோதி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தினகரன் வண்டி எடுக்கப் போன நேரத்தில், கதவைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

“டாக்டர், வீட்டுல கயிறுல முடிச்சுப் போட்டா இப்படி ஆகுமா?”

“யாரு போட்டா?”

“நான்தான்.”

ஞானஜோதி சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஹேமா, இங்க பாருங்க. எத்தனையோ பிள்ளைங்க கழுத்துல கொடியோடதான் பொறக்குது. உள்ள அது உருளுது, பொரளுது, கொடி சுத்திக்குது; சில சமயம் அதுவே கழண்டுக்கும். ஹார்ட் பீட் நல்லாருக்கு, வளர்ச்சி நல்லாருக்கு. அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா உடனே வாங்க, அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு. உங்க பிள்ளையை இத்தனை மாசமா விழாம தாங்கிட்டிருக்கிறது என்ன தெரியுமா? நான் போட்ட தையல். அதுவும் ஒரு முடிச்சுதாம்மா.”

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்தியைத் தினகரன் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாதவன் அவன். பொன்னியம்மாள் எழுந்தாள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊஞ்சலின் அருகே வந்ததும் அவளிடமிருந்து எழுந்த அலறல் தெருமுனைவரை கேட்டது.

“எவடி கட்னது இதை? எந்தப் பாவி கட்னது?”

“அத்தை, நான்தான். கயிறு இத்துப்போயிருந்தது. யாராவது விழுந்துடுவாங்கன்னு…”

“விழுந்தா இன்னாடி? கை ஒடியும், கால் ஒடியும். கட்டுப் போட்டுக்கலாம். உள்ள கீற புள்ளைக்குக் கழுத்துல சுத்திக்கினு கீதே, அதுக்கு யாரு கட்டுப் போடுவா?”

வைதுகொண்டே அவள் தரையில் மண்டியிட்டாள். நைலான் முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் முயன்றாள், முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவள் கண்ணீர் அந்த வடத்தின்மேல் விழுந்தது. அவளைக் கொடியவள் என்று எண்ணாதீர்கள். அந்தப் பிள்ளைக்காகத் தன் உயிரைக் கேட்டாலும் கொடுத்திருப்பாள். அச்சத்தைத் தவறான இடத்தில் வைக்கக் கற்பிக்கப்பட்டவள் அவள். அவளுக்குக் கற்பித்தவர்களுக்கும் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. முடிச்சு அவிழ்ந்ததும், “அவுந்துடுச்சு, கொடியும் அவுந்துடும், தாயே!” என்று கைகூப்பினாள். பிறகு ஒரு பருத்தித் துணியை மஞ்சளில் நனைத்து, இற்ற இடத்தை மூடிச் சுற்றினாள். முடிச்சுப் போடாமல் நுனியைச் செருகினாள்.

இருந்த ஒரே பிடியும் போயிற்று. அதன்மேல் மஞ்சள் ஏறிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

இதோ, அவளை ஊஞ்சலருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் ஒருத்தி, “இன்னா ஹேமா, இவ்ளோ வெக்கம்? கல்யாணத்தன்னிக்குக் குதிச்சு இல்ல ஏறுன!” என்றாள். இன்னொருத்தி, “ரெண்டு ஆளு வெயிட்டு, தாங்குமான்னு யோசிக்கிறா போல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“உக்காருமா, நல்ல நேரம் போவுது” என்றாள் பொன்னியம்மாள்.

ஹேமாவதி பலகையின் விளிம்பில் கைவைத்து மெல்லப் பாரத்தை இறக்கினாள். மேளச் சத்தத்துக்கு நடுவே, எவருக்கும் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்டது. மஞ்சள் துணிக்குள் நார் நெரியும் ஒலி. வெடுக்கென்று கையை எடுத்தாள். பளிங்குபோல் தேய்த்த கிரானைட் தரை காலடியில் பளபளத்தது. விழுந்தால் அந்தத் தையல் என்ன ஆகும்?

“நான் உக்கார மாட்டேன்.”

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

“அவரு முதல்ல உக்காரட்டும்” என்று கணவனைக் காட்டினாள். “கயிறு விக்கிறவருதானே. இது தாங்கும்னா உக்காரட்டும். அப்புறம் நான் உக்காருறேன்.”

எல்லார் பார்வையும் தினகரன்மேல் திரும்பியது. அவன் மஞ்சள் துணியைப் பார்த்தான். ஓர் அடி முன்னால் வந்தான். நின்றான். அதற்குமேல் அவன் கால் நகரவில்லை. அந்தக் கால் சொன்ன பதிலைப் போர்ட்டிகோவில் இருந்த அனைவரும் கேட்டார்கள்.

“இன்னாடி பேஜாரு பண்ற, நாலு பேர் எதிர்ல?” பொன்னியம்மாளின் குரல் உடைந்தது. “நான் அந்த முடிச்சை அவுத்தேனே, எதுக்கு? உன் புள்ளைக்காகத்தானே?”

“எனக்குள்ள இன்னொரு முடிச்சு இருக்கு அத்தை. டாக்டர் போட்டது. அதுதான் உங்க பேரப்பிள்ளையை இத்தனை மாசமா தாங்குது. அதையும் அவுத்துடலாமா?”

பொன்னியம்மாள் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.

அங்கேயே திரும்பி நடந்திருக்கலாம் ஹேமாவதி. ஆனால் இன்று மறுத்தால் நாளை வேறொருவர் உட்காருவார்; தட்டுகளுக்கிடையே தவழும் ஏதோ ஒரு குழந்தை ஏறும். அந்த மஞ்சள் துணி அங்கேயே இருக்கும். வாழைப்பழம் அரிந்த கத்தி தூணருகே கிடந்தது. அதை எடுத்தாள். அவள் அஞ்சவில்லை என்று எவரும் கதை கட்ட வேண்டாம். வாழ்நாளில் அவள் அவ்வளவு அஞ்சியதில்லை. அறுத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளுடைய பாதி மனம் கதறிக்கொண்டேயிருந்தது. இடக்கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மஞ்சள் துணியின்மேல் கத்தியை வைத்தாள்.

அறுக்க வேண்டியிருக்கவில்லை. கத்தி பட்டதும் வடம் விட்டது. தேக்குப் பலகையின் ஒரு முனை தரையில் இடித்த இடியில் கிரானைட் கல் பிளந்தது. வளையல் தட்டு ஒன்று கவிழ்ந்து, கண்ணாடி எங்கும் சிதறியது. அவள் உட்கார வேண்டிய இடம் அது.

தினகரன் அறுந்த நுனியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தான். வடம் தூளாகி அவன் உள்ளங்கையில் நின்றது.

அச்சம் அத்துடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. பல்லாவரத்தில் தாய் வீட்டில் கழிந்த வாரங்களில், உள்ளே அசைவு சற்று ஓய்ந்தாலும் ஹேமாவதி வயிற்றில் கைவைத்து அடுத்த அசைவுக்குக் காத்திருந்தாள். உரிய வாரத்தில் டாக்டர் தையலைப் பிரித்தார். பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று அப்படியே இருந்தது. முடிச்சைப் பல்லால் அவிழ்த்தபோதும் அது கழலவில்லை. வடம் அறுந்தபோதும் இறுகவில்லை. சின்னச் சட்டையைத் தலைவழியே கழற்றுவதுபோல் டாக்டர் அதை விரலால் எடுத்துவிட்டார். குழந்தை வீறிட்டது. உறவினர்களிடம் பொன்னியம்மாள் பெருமையோடு சொன்னாள்: “நான் அந்த முடிச்சை அவுத்ததாலதான் புள்ள பொழைச்சுது.”

மூன்றாம் மாதம் குழந்தையைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போர்ட்டிகோவில் தூளி தயாராக இருந்தது. பொன்னியம்மாளின் பழைய பட்டுச்சேலை. அதைத் தாங்கியது ஒரு பருத்தி வடம். ஹேமாவதி அண்ணாந்து பார்த்தாள். ஊஞ்சலின் வலப்பக்க வடம் அது.

“இது நல்லாத்தான் கீது” என்றாள் பொன்னியம்மாள். “உன் மாமனார் உக்காந்தது. ஆகிவந்த கயிறு. புள்ளையைக் குடு.”

ஹேமாவதி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் வாய் திறக்குமுன் தினகரன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். தூளியை இறக்கினான். வடத்தைக் கொக்கியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் எதிர்முறுக்காக முறுக்கிப் புரியைப் பிரித்துத் தாயின் முன்னால் நீட்டினான். மேலே வெள்ளை, உள்ளே கறுத்துப் பொடிந்திருந்தது.

“டேய், வேணாண்டா, பச்சப்புள்ள கீற வூடு!”

“அதாம்மா மாத்துறேன்.”

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது வடத்தைக் கொக்கியில் மாட்டினான். முடிச்சுப் போட்டான். முடிச்சை இழுத்து இறுக்கினான். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் வடத்தைப் பற்றி, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, தன் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டான். அசையாமல் தொங்கினான். பொன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வடம் தாங்கியது. காலைத் தரையில் ஊன்றி, பல மாதத்துக்குப் பிறகு மனைவியின் கண்ணை நேராகப் பார்த்து, “இப்ப குடு” என்றான்.

கண்டீர்கள் அல்லவா? அப்படியானால் சாட்சியாக நின்றது போதும், எழுந்து போங்கள். உங்கள் வீட்டு ஊஞ்சலைத் தூக்கிப் பாருங்கள். துணிக்கொடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிணற்று வாளியின் கயிற்றை, தட்டியின் கயிற்றை, தூளியின் கயிற்றைப் புரி பிரித்துப் பாருங்கள். மஞ்சள் சுற்றியிருந்தால் மஞ்சளை அவிழ்த்துப் பாருங்கள். இற்றிருந்தால் அறுத்தெறியுங்கள், வீட்டில் ஒருத்தி கருவுற்றிருந்தால் இன்றைக்கே அறுத்தெறியுங்கள். புதியதைக் கட்டுங்கள். கட்டிய பின், அதில் ஒரு பெண்ணையோ குழந்தையையோ உட்கார வைக்குமுன், உங்கள் காலைத் தரையிலிருந்து தூக்கி நீங்கள் தொங்குங்கள்!